பரவளைவு கண்ட கலிலியோ

மேசையின் விளிம்பைக் கடந்து உருளும் சிறு குண்டு ஒன்று, நிலத்தை அடைவதற்குள் அந்தரத்தில் ஒரு வழியை வரைந்து மறைகின்றது. அரைச் செக்கனுக்குள் முடிந்துபோகும் அவ்வழியைக் கண்ணாற் பற்றுதல் அரிது. கிரேக்க நாட்டுக் கேத்திரகணித வல்லுநர் கூம்பினை வெட்டி, வெட்டுமுகத்திலே தோன்றிய வளைகோட்டுக்குப் பெயரிட்டு, அதன் இயல்புகளை நிறுவி நூல் செய்துவைத்தனர். அவர்கள் ஏட்டில் வரைந்த கோடும் குண்டு காற்றில் வரையும் வழியும் ஒன்றே என்பதை மனிதர் அறிவதற்கு ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. அதனை அறிந்து நிறுவியவர் கலிலியோ கலிலி.

தொலைகாட்டியால் வானை நோக்கியவர் என்றும், உரோமாபுரியில் விசாரணை மன்றத்தின் முன் முழந்தாளிட்டவர் என்றுமே பெரும்பாலோர் அவரை அறிவர். அவ்வரலாறு பலராற் பலமுறை எழுதப்பட்டது. ஆதலின் அதனை ஈண்டு வேண்டிய அளவே தொட்டு, இளமை முதல் முதுமைவரை அவர் நெஞ்சை விட்டு நீங்காதிருந்த பரவளைவின் வழியே அவர் வாழ்வை நோக்கப் புகுகின்றோம். பள்ளியிலே இருபடிச் சார்புகளுக்கு வரைபு வரையும் மாணாக்கர், தாம் வரையும் கோட்டுக்குப் பின்னால் ஒருவருடைய வாழ்நாள் கிடக்கின்றது என்பதை அறிதல் நன்று.

கலிலியோ 1564ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் இத்தாலியிலே பீசா நகரிற் பிறந்தார். தந்தையார் வின்சென்சோ கலிலி லூட் என்னும் நரம்புக் கருவியை இசைப்பதில் வல்லவர், இசையிலக்கணம் எழுதியவர். அக்காலத்து இசைநூலார் பிதாகரசின் பெயரால் ஒரு விதியைச் சொல்லிவந்தனர். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு தானம் உயரும். அதுபோல, நரம்பில் தொங்கும் பாரத்தை இருமடங்காக்கினாலும் ஒரு தானம் உயரும் என்பது அவ்விதி. வின்சென்சோ பாரத்தைத் தூக்கிப் பார்த்தார். இருமடங்கு போதவில்லை, நான்கு மடங்கு வேண்டியிருந்தது. இரண்டின் வர்க்கம் நான்கு. ஒரு கணியம் ஒன்று, இரண்டு, மூன்று எனச் செல்ல, அதனைச் சார்ந்த மற்றொன்று ஒன்று, நான்கு, ஒன்பது எனச் செல்லும் இந்த உறவுதான் பரவளைவின் உயிர். மகன் இச்சோதனைகளின்போது உடனிருந்து கண்டிருத்தல் கூடும் என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். எவ்வாறாயினும், முன்னோர் சொன்னார் என்பதனால் மட்டும் ஒன்றை ஏற்றுக்கொள்ளாத குணம் தந்தைவழி வந்த முதுசொம் என்று கொள்வதில் தவறில்லை.

மகனை வைத்தியனாக்க விரும்பிய தந்தையார், 1581இல் பீசாப் பல்கலைக்கழகத்தில் அவரைச் சேர்த்தார். அங்கே ஒஸ்தீலியோ ரிச்சி என்னும் கணித ஆசிரியரின் தொடர்பு ஏற்பட்டதும் வைத்தியம் கைநழுவிப் போயிற்று. யூக்கிளிட்டும் ஆக்கிமிடீசும் அவரை ஆட்கொண்டனர். பட்டம் பெறாமலே 1585இல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய அவர், நான்கு ஆண்டுகளின் பின் அதே இடத்துக்குக் கணித ஆசிரியராகத் திரும்பிவந்தார். ஆண்டுச் சம்பளம் 60 பொன். பீசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து இரு குண்டுகளை விழவிட்டார் என்னும் கதை இக்காலத்துக்கே உரியதாகச் சொல்லப்படுகின்றது. அவர் மறைந்த பின்னர் சீடர் விவியானி எழுதிய சரிதத்திலன்றி அக்காலப் பதிவுகளில் அதற்குச் சான்று இல்லை. வகுப்பிலே அக்கதையைச் சொல்லுவோர் கதையென்றே சொல்லுவது முறை.

1591இல் தந்தையார் காலமானார். மூத்த மகன் என்றமுறையிற் குடும்பப் பாரம் கலிலியோவின் தலைமேல் விழுந்தது. சகோதரியின் சீதனப் பொறுப்பும் அவருக்கே வந்தது. 1592இல் வெனிஸ் ஆட்சிக்குட்பட்ட பாதுவாப் பல்கலைக்கழகத்தில் 180 பொன் சம்பளத்தில் அமர்ந்தார். அதுவும் போதாமையால் மாணவரைத் தம் வீட்டில் உணவும் உறையுளும் கொடுத்து வைத்திருந்தார். கணிதக் கருவிகளைச் செய்வித்து விற்றார். இவ்வளவு அலுவல்களுக்கும் இடையிலே பாதுவாவிற் கழித்த 18 ஆண்டுகளில்தான் பரவளைவு அவர் கைக்கு எட்டியது.

அவருக்கு முன் எறிபொருளின் வழியைப் பற்றி அறிஞர் யாது எண்ணியிருந்தனர்? அரிஸ்டோட்டில் இயக்கத்தை இருவகையாகப் பகுத்தார். கல் கீழே விழுதல் அதன் இயற்கை. கையால் எறியப்பட்டுச் செல்லுதல் செயற்கை. ஒன்று நடக்கும்போது மற்றொன்று அடங்கியிருக்கும் என்பது அவர் வழிவந்தோர் பலரின் கருத்து. பீரங்கி பெருகிய 16ஆம் நூற்றாண்டில் இவ்வினா ஏட்டறிவாக மட்டும் நிற்கவில்லை. தார்த்தாலியா என்பவர் 1537இல் வெளியிட்ட நூலில், குண்டு முதலில் நேர்கோட்டில் ஏறி, பின்னர் வட்டவில்லாக வளைந்து, இறுதியில் நிலைக்குத்தாக விழுவதாக வரைந்து காட்டினார். பீரங்கியை 45 பாகை உயர்த்திச் சுட்டால் குண்டு மிகத் தூரம் செல்லும் என்று அவர் சொன்னது சரியே. காரணம் மட்டும் ஒருவர்க்கும் தெரியாதிருந்தது.

இனிக் கிரேக்கர் கண்ட கோட்டைப் பார்ப்போம். கூம்பு ஒன்றை அதன் சாய்ந்த பக்கத்துக்குச் சமாந்தரமாக வெட்டினால் கிடைக்கும் வளைகோடு பரவளைவு. அதனை விரிவாக ஆராய்ந்து எட்டுப் பாகங்களில் நூல் செய்தவர் பெர்கா நகரத்து அப்பொலோனியஸ், கி.மு. 200ஐ ஒட்டி வாழ்ந்தவர். அவற்றுள் நான்கு கிரேக்க மொழியிலும் மூன்று அராபிய மொழிபெயர்ப்பிலும் எஞ்சியுள்ளன, எட்டாவது அழிந்தொழிந்தது. கூம்பின் மூன்று வெட்டுக்களுக்கும் அவர் இட்ட பெயர்கள் தமிழ் கற்போருக்குச் சுவை தருவன. ஒரு சதுரத்தின் பரப்பை ஒரு செவ்வகத்தோடு ஒப்பிடுகையில், குறைந்து நிற்பது ஒன்று, மிகுந்து நிற்பது ஒன்று, சரியாகப் பொருந்தி நிற்பது ஒன்று. குறைவைக் குறிக்கும் சொல்லால் நீள்வளையத்தையும், மிகையைக் குறிக்கும் சொல்லால் அதிபரவளைவையும், பொருத்திவைத்தலைக் குறிக்கும் சொல்லாற் பரவளைவையும் பெயரிட்டார். இம்மூன்று சொற்களையும் கிரேக்க அணியிலக்கணத்தாரும் ஆண்டனர். சொல் எஞ்சி நிற்றல், உயர்வு நவிற்சி, ஒப்புமை என்பன அங்கே அவற்றின் பொருள்கள். விவிலியத்து உவமைக் கதைகளை மேலை மொழிகளிற் குறிக்கும் சொல்லும் பரவளைவைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரின என்பதைப் பலர் அறியார். நம் கலைச்சொல்லாகிய பரவளைவு, கிரேக்கச் சொல்லின் ஒலியையும் ஓரளவு தழுவி, வளைவு என்னும் பொருளையும் தன்னுள் அடக்கியிருப்பது ஒரு நயம்.

அக்கோட்டின் தலையாய இயல்பு இதுவே. அதன் உச்சியிலிருந்து அச்சின் வழியே ஓரலகு தூரம் இறங்கினால், கோடு அச்சிலிருந்து ஓரலகு விலகியிருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். இரண்டலகு விலகுவதற்கு நான்கலகு இறங்கவேண்டும். மூன்றலகு விலக ஒன்பது. நான்கலகு விலகப் பதினாறு. இறக்கம் விலகலின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமம். மாணாக்கர் வரைபுத் தாளிற் கிடையாக 1, 2, 3, 4 எனக் குறித்து, அவற்றுக்கு நேரே 1, 4, 9, 16 எனப் புள்ளிகளிட்டு இணைத்தால் இக்கோடு தோன்றும். அச்சின் மறுபுறத்தும் அவ்வாறே செய்தல் வேண்டும். எதிர் எண்ணின் வர்க்கமும் நேர் எண்ணே ஆதலின் இருபுறமும் கண்ணாடியில் நோக்கியதுபோல் ஒத்திருக்கும். சிலர் புள்ளிகளை அடிமட்டத்தால் நேர்கோடுகளாக இணைத்து உச்சியைக் கூராக்கி விடுகின்றனர். அரையலகில் இறக்கம் காலலகே என்பதைக் கணித்துப் பார்ப்பாராயின் உச்சி மழுங்கி வளைவதன் காரணம் தானே விளங்கும்.

மேலும் ஒன்று: நீள்வளையங்களில் உருண்டையானவையும் உண்டு, ஒடுங்கியவையும் உண்டு. பரவளைவுகளோ எல்லாம் ஒரே வடிவின. அகன்றதாகத் தோன்றுவதும் ஒடுங்கியதாகத் தோன்றுவதும் நாம் அருகில் நின்று பார்க்கின்றோமா, தொலைவில் நின்று பார்க்கின்றோமா என்பது போன்ற அளவுவேறுபாடேயன்றி வடிவவேறுபாடன்று. மேசையிலிருந்து உருண்டு விழும் குண்டின் வழியைப் பெருப்பித்தால் பீரங்கிக் குண்டின் வழியாகிவிடும்.

பாதுவாவில் கலிலியோ தொடங்கியது விழும் பொருளை ஆராய்வதில். நேரே விழும் பொருள் மிக விரைந்து செல்வதால் அதனை அளக்க அக்காலத்தில் மணிக்கூடு இல்லை. ஆதலால் விழுதலை மெதுவாக்கும் உபாயம் ஒன்றைத் தேடினார். நீண்ட மரத்தில் வழுவழுப்பான தவாளிப்பு ஒன்றை அமைத்து, அதனைச் சிறிதே சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டினார். பாத்திரமொன்றின் அடியிலுள்ள நுண்குழாய் வழியே ஒழுகும் நீரைச் சேர்த்து, நிறுத்து, அந்நிறையைக் கொண்டு நேரத்தை அளந்தார். முதலாம் நேரப்பகுதியில் குண்டு ஓரலகு சென்றால், அடுத்த பகுதியில் 3 அலகு, அதற்கடுத்ததில் 5, பின்னர் 7. ஒற்றையெண்களின் ஒழுங்கு அது. அவற்றைக் கூட்டிக்கொண்டே சென்றால் 1, 4, 9, 16. தந்தையின் நரம்பிற் கேட்ட வர்க்கம் மகனின் சாய்தளத்திலும் வந்து நின்றது.

1604இல் வெனிஸ் நகரத்துப் பாவோலோ சார்ப்பி என்னும் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் இவ்விதியைத் தெரிவித்தார். விதி சரி. ஆனால், விழும் தூரம் பெருகுவதற்கு ஏற்ப வேகம் பெருகுகின்றது என்று அவர் அதற்குக் கூறிய அடிப்படை பிழை. வேகம் பெருகுவது தூரத்துக்கு ஏற்பவன்று, நேரத்துக்கு ஏற்ப என்னும் உண்மை பின்னரே அவருக்குத் தெளிவாயிற்று. சீர் ஆர்முடுகல் என்று இன்று பௌதிக வகுப்பிலே ஒரு பாடநேரத்திற் கற்பிக்கப்படுவதை இத்துணைப் பெரியார் சில ஆண்டுகள் தவறாகக் கொண்டிருந்தார் என்பது, அது எத்துணை அரிதிற் பெற்ற அறிவு என்பதைக் காட்டுகின்றது.

1608ஐ ஒட்டி அவர் செய்த ஒரு சோதனை அவர் வெளியிட்ட நூல்களில் எங்கும் இல்லை. புளோரன்ஸ் தேசிய நூலகத்திற் பேணப்படும் அவர் கைக்குறிப்புக்களில் ஒரு தாளின் பின்புறத்தில் அது கிடந்தது. சிறு படம் ஒன்று, சில எண்கள். விளக்கம் மிகச் சொற்பம். அத்தாளின் பொருளை உணர்ந்து 1973இல் உலகுக்கு எடுத்துரைத்தவர் கலிலியோ ஆராய்ச்சியிற் பேர்பெற்ற ஸ்டில்மன் டிரேக். புந்தோ என்னும் சிற்றளவாற் கலிலியோ அளந்திருக்கின்றார். அது ஒரு மில்லிமீற்றரினும் சற்றுக் குறைந்தது. மேசை 828 புந்தோ உயரம். அதாவது ஏறக்குறைய 78 சென்ரிமீற்றர். மேசைமேல் அமைத்த சாய்தளத்தில் 300 புந்தோ உயரத்திலிருந்து உருண்டுவந்த குண்டு, விளிம்பிற் கிடையாகத் திரும்பி, நிலத்தில் 800 புந்தோ தள்ளி விழுந்தது. இதனை அடிப்படையாக வைத்து மற்றவற்றைக் கணித்தார். உயரம் 600 ஆயின் 1131இல் விழவேண்டும், விழுந்தது 1172இல். உயரம் 800 ஆயின் 1306, விழுந்தது 1328இல். உயரம் 1000 ஆயின் 1460, விழுந்தது 1500இல். கணித்ததற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாடுகளை அவரே பக்கத்திற் குறித்துவைத்திருக்கின்றார், மறைத்தாரில்லை.

இச்சோதனை காட்டியது யாது? விளிம்பைக் கடந்த பின்னரும் குண்டின் கிடைவேகம் குன்றவில்லை. எந்த உயரத்திலிருந்து உருண்டுவந்தாலும், மேசைவிளிம்பிலிருந்து நிலம்வரை விழும் நேரம் ஒன்றே; வேகமாக வந்த குண்டு அதே நேரத்திற்குள் கூடிய தூரம் செல்கின்றது, அவ்வளவே. கிடை இயக்கமும் வீழ்ச்சியும் ஒன்றையொன்று தடுக்காமல், ஒரு பொருளிலே ஒருங்கே நடைபெறுகின்றன. ஒன்று நடக்க மற்றொன்று அடங்கும் என்ற பழைய கொள்கை இங்கே வீழ்ந்தது. கிடையாகச் சமநேரங்களிற் சமதூரம்: 1, 2, 3, 4. கீழ்நோக்கி அதே நேரங்களில்: 1, 4, 9, 16. இரண்டையும் சேர்த்துப் புள்ளிகளிட்டால் அப்பொலோனியசின் கோடு அன்றி வேறு எது வரும்? மேசையின் விளிம்பு அதன் உச்சி. நிலைக்குத்துக் கோடு அதன் அச்சு.

வரைபுத் தாளும் ஆள்கூறுகளும் சமன்பாடும் கலிலியோவின் கையில் இருந்தன என்று எண்ணிவிடல் ஆகாது. டேக்காட் என்னும் பிரான்சிய அறிஞர் அம்முறையை நூலாக வெளியிட்டது 1637இல். கலிலியோ எல்லாவற்றையும் விகிதங்களாலும் வரைபடங்களாலும் கிரேக்கர் வழிநின்றே நிறுவினார். இன்று ஒரு வரியில் எழுதுவதற்கு அவருக்கு ஒரு பக்கம் வேண்டியிருந்தது.

இத்தகைய கண்டுபிடிப்பை உடனே வெளியிடாது விட்டது ஏன்? 1609இல் தொலைகாட்டி குறுக்கிட்டது. ஒல்லாந்திலே அப்படி ஒரு கருவி தோன்றியதைக் கேள்வியுற்றுத் தாமே திருத்தமாகச் செய்து வானை நோக்கினார். 1610 சனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு உபகோள்களைக் கண்டார். அவ்வாண்டே புளோரன்ஸ் கோமகனின் தலைமைக் கணித அறிஞராயினார். அதன்பின் புகழும் வாதமும் பகையும் அவரை இழுத்துச் சென்றன. பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்னும் கோப்பர்னிக்கசின் கொள்கையை 1616இல் திருச்சபை விலக்கியது. பாதுவாவில் எழுதிய இயக்கக் குறிப்புக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்டியிற் கிடந்தன.

1632 பெப்ரவரியில் இரு பேருலகக் கொள்கைகள் பற்றிய உரையாடல் என்னும் நூலை வெளியிட்டார். வேனிற் காலத்தில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. உரோமாபுரியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அந்நிலையிற் செப்டெம்பர் மாதத்தில் வேறொரு பக்கத்திலிருந்து ஓர் அடி விழுந்தது. போலோஞாப் பல்கலைக்கழகத்தின் கணித ஆசிரியரும் துறவியுமாகிய பொனவெந்தூரா கவலியேரி, சூரிய கிரணங்களைக் குவித்து எரிக்கும் ஆடிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். பரவளைவு வடிவான ஆடி, அச்சுக்குச் சமாந்தரமாக வரும் கிரணங்கள் யாவற்றையும் குவியம் என்னும் ஒரே புள்ளியிற் சேர்க்கும். அதனை விளக்கிய நூலாசிரியர், எறியப்பட்ட பொருளின் வழியும் பரவளைவே என்பதையும் அதில் எழுதிவிட்டார். அவ்வுண்மை அச்சேறியது அதுவே முதன்முறை.

அறுபத்தெட்டு வயதுக் கலிலியோ இதனைப் பொறுத்துக்கொள்ள முடியாதவராயினார். தாம் அவ்வழியின் வடிவத்தை அறியவேண்டுமென்றே இயக்கத்தை ஆராயப் புகுந்ததையும், நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் முதற்கனி பிறர் கையாற் பறிக்கப்பட்டதையும் போலோஞாவிலிருந்த நண்பர் சேசரே மார்சிலிக்கு மனம் நொந்து எழுதினார். கவலியேரி கலிலியோவின் மாணாக்கர் மரபினர். அவரது பரிந்துரையினாலேயே ஆசிரிய பதவி பெற்றவர். செய்தியறிந்து நடுங்கிப்போனார். அது கலிலியோவின் போதனை என்பது ஊரறிந்த செய்தி என்று தாம் எண்ணியதாகவும், நூலிலேயே அவர் பெயரைச் சொல்லியிருப்பதாகவும் பணிந்து எழுதினார். அவர் களவாடினார் என்று நாம் கருதவில்லை. வாய்மொழியாகப் பரவிய அறிவை உரியவரிடம் கேளாது அச்சிட்டது அவசரமே ஒழிய வஞ்சம் அன்று. கலிலியோவின் நோவும் பொய்யன்று. பெட்டியிற் கிடந்த குறிப்புக்களை ஏன் வெளியிடவில்லை என்று பிறர் கேட்கலாம். தாமே கேட்டுக்கொள்வதன்றோ அதனினும் கொடிது. இருவர் நட்பும் குலையாமல் நின்றது.

அதற்கு மறுமாதம் உரோமாபுரியிலிருந்து அழைப்பாணை வந்தது. 1633 யூன் 22ஆம் நாள் மினர்வா மடத்திலே கலிலியோ முழந்தாளிட்டுப் பூமி அசைகின்றது என்னும் கொள்கையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்தார். வாழ்நாள் முழுதும் காவல். மூன்றாண்டுகள் வாரந்தோறும் ஏழு தண்டனைத் திருப்பாடல்களை ஓதவேண்டும். அவ்வோதுதலைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவர் அவருடைய மூத்த மகள். 1600இற் பிறந்த அவர், இளமையிலே ஆர்ச்செத்ரி ஊரின் கன்னியர் மடத்தை அடைந்து மரியா செலெஸ்தே என்னும் துறவுப்பெயர் பூண்டவர். தந்தைக்கு அவர் எழுதிய 124 கடிதங்கள் எஞ்சியுள்ளன. தந்தையின் ஆடைகளைத் தைப்பதும், கனிகளைப் பாகு செய்து அனுப்புவதும், வீட்டுக் கணக்குப் பார்ப்பதும், மனந்தேற்றுவதும் அக்கடிதங்களில் நிறைந்திருக்கின்றன. தந்தை மகளுக்கு எழுதியவை ஒன்றும் கிடைத்தில.

காவலின் முதல் மாதங்களைச் சியெனா நகரத்து மேற்றிராணியார் பிக்கொலோமினியின் இல்லத்திற் கழித்தார். அவர் கைதியைப்போல் அல்லாமல் விருந்தினரைப்போல் நடத்தினார். அறிஞரை அழைத்துவந்து உரையாட வைத்தார். வானத்தைப் பற்றி வாய்திறக்கலாகாது. குண்டு உருள்வதைப் பற்றிப் பேசத் தடை ஏது? பாதுவாக் குறிப்புக்கள் மீண்டும் வெளியே வந்தன. ஆண்டிறுதியில் ஆர்ச்செத்ரியிலுள்ள தம் வீட்டுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. மகளின் மடம் மிக அருகில். ஆனால் அந்த மகிழ்ச்சி நான்கு மாதங்களும் நிலைக்கவில்லை. 1634 ஏப்ரில் 2ஆம் நாள் மரியா செலெஸ்தே வயிற்றோட்ட நோயால் 33ஆம் வயதில் இறந்தார். கிழவர் சிலகாலம் எழுதுகோலைத் தொடவில்லை. தொட்ட பின்னர் நூல் முடியும்வரை கீழே வைக்கவுமில்லை.

கலிலியோவின் எந்த நூலையும் அச்சிடலாகாது என்பது கட்டளை. 1636இல் ஒல்லாந்து நாட்டு லைடன் நகரத்துப் பதிப்பாளர் லூயி எல்செவியர் இத்தாலிக்கு வந்து பிரதியைப் பெற ஏற்பாடு செய்தார். 1638இல் இரு புதிய அறிவியல்கள் பற்றிய உரைகள் என்னும் நூல் அங்கே அச்சாயிற்று. பிரான்சியத் தூதுவர் நொவாய் பிரபுவுக்குத் தாம் கொடுத்த கையெழுத்துப் பிரதி, தம் அறிவின்றியே எவ்வாறோ அச்சகத்தை எட்டிவிட்டது என்ற பாவனையில் முகவுரை அமைந்தது. காவலில் உள்ளவர் வேறு யாது செய்வார்?

மூன்று நண்பர் நான்கு நாட்கள் உரையாடுவதாக அமைந்த அந்நூலில் நான்காம் நாள் பரவளைவுக்கு உரியது. முதலில் அப்பொலோனியஸ் வழியிற் கோட்டின் இரு இயல்புகளை நிறுவி, பின்னர் இரு இயக்கங்களையும் கூட்டி, எறிபொருளின் வழி பரவளைவே என்று முடிக்கின்றார். உடனே நண்பர் தடை எழுப்புகின்றனர். பூமி உருண்டையாயிற்றே, விழும் பொருள்கள் யாவும் அதன் மையத்தையன்றோ நோக்கும், அவற்றைச் சமாந்தரமென்று எப்படிக் கொள்ளலாம்? காற்று வேகத்தைக் குறைக்காதா? இரண்டும் உண்மையே என்று கலிலியோவின் பேச்சாளர் ஒத்துக்கொள்கின்றார். பூமியின் ஆரையோடு ஒப்பிடுகையில் நம் பீரங்கியின் எல்லை மிகச் சிறிது. காற்றின் தடையோ ஓர் ஒழுங்குக்குட்படாதது. ஆதலின் தடைகளை நீக்கி உண்மையை நிறுவி, பின்னர் வழக்கில் வேண்டிய திருத்தங்களைச் செய்துகொள்க என்பது விடை. இவ்விடை எமக்கு அந்நூலின் மிக உயர்ந்த பகுதியாகத் தோன்றுகின்றது. கணிதத்தின் கோடு உலகில் அப்படியே கிடைக்காது என்பதை அறிந்தே அவர் அக்கோட்டை நம்பினார்.

பீரங்கியாளர் பழக்கத்தால் அறிந்திருந்த 45 பாகைக்கு அங்கே காரணம் கிடைத்தது. அதுமட்டுமோ? 45இற்கு மேலும் கீழும் சம அளவு விலகிய இரு சாய்வுகளில், எடுத்துக்காட்டாக 40இலும் 50இலும் சுட்டால், குண்டு ஒரே தூரத்தில் விழும் என்பதையும் நிறுவினார். ஒருவரும் சுட்டுப் பார்த்து அறியாததைத் தாளின்மேல் அறிந்தது அது.

பரவளைவை விரைவாக வரைய இரு வழிகளும் அந்நூலில் உள. உலோக ஆடி ஒன்றை ஏறக்குறைய நிலைக்குத்தாகச் சாய்த்துவைத்து, சற்று ஈரமாக்கிய சிறு வெண்கலக் குண்டை அதன்மேல் உருட்டினால் அது செல்லும் தடம் பரவளைவாகும். மற்றையது, சுவரில் ஒரே மட்டத்தில் இரு ஆணிகள் அறைந்து மெல்லிய சங்கிலியைத் தொங்கவிடுதல். முதலாவது நேர்மையானது. இரண்டாவது அண்ணளவே, சங்கிலி ஆழமாகத் தொங்காதவரை பரவளைவை மிக நெருங்கியிருக்கும் என்று நூலின் நான்காம் நாளில் அவரே குறிக்கின்றார். தொங்கும் சங்கிலி பரவளைவு அன்று என்பதை 1646இல் ஹைகன்ஸ் என்னும் ஒல்லாந்த இளைஞர் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 17. அச்சங்கிலிக் கோட்டின் உண்மை வடிவம் 1691இலேயே முற்றாக வெளிப்பட்டது.

அச்சிட்ட நூல் ஆர்ச்செத்ரியை அடைந்தபோது அதனைக் காண ஆசிரியருக்குக் கண் இல்லை. 1637இல் வலக்கண் ஒளி இழந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மற்றதும் போயிற்று. தாம் விரித்துக் காட்டிய அண்டம் இப்போது தம் உடம்பின் எல்லைக்குள் சுருங்கிவிட்டதாக நண்பருக்கு எழுதுவித்தார். 1638இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் இத்தாலியில் அவரைக் கண்டார். அக்கவிஞரும் பின்னாளிற் கண்ணிழந்தார்.

1639இல் விவியானி என்னும் இளைஞர் உடனிருந்து பணிசெய்ய வந்தார். 1641 ஒக்டோபரில் தொரிச்செல்லி வந்து சேர்ந்தார். இவர் பரவளைவை மேலும் கொண்டுசென்றவர். ஒரே வேகத்தில் எல்லாச் சாய்வுகளிலும் எறியப்படும் பொருள்களின் பரவளைவுகள் யாவும் மற்றொரு பெரிய பரவளைவின் கீழ் அடங்கும் என்பதை 1644இல் வெளியிட்ட நூலில் காட்டினார். பாத்திரத்தின் பக்கத்துளையிலிருந்து பாயும் நீரின் வழியும் அவ்வாறே என்று விளக்கினார். கலிலியோவோடு அவர் இருந்தது மூன்று மாதங்களே. இறுதி நாட்களிற் காய்ச்சலோடு படுத்திருந்தபடியே கணிதம் சொல்ல, இரு இளைஞரும் எழுதிக்கொண்டிருந்தனர்.

1642 சனவரி 8ஆம் நாள் கலிலியோ காலமானார், வயது 77. புளோரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே பேராலயத்தில் நினைவுச்சின்னத்தோடு அடக்கம் செய்யக் கோமகன் விரும்பினார். உரோமாபுரி இசையவில்லை. ஆலயத்தின் ஒரு புறத்தே, நவசந்நியாசிகளின் சிற்றாலயத்தை அடுத்த சிறிய அறையில் உடலை வைத்தனர். விவியானி தம் வாழ்நாள் முழுதும் முயன்றும் ஆசிரியருக்குச் சின்னம் எழுப்ப முடியாமல் 1703இல் இறந்து, ஆசிரியரின் பக்கத்திலேயே அடங்கினார். செல்வத்தை அப்பணிக்கென எழுதிவைத்தார்.

1737இல் அனுமதி கிடைத்தது. அறையைத் திறந்து கலிலியோவின் எச்சங்களையும் விவியானியின் எச்சங்களையும் பேராலயத்துள் எழுப்பிய புதிய கல்லறைக்கு எடுத்துச் சென்றனர். அவ்வறையில் ஒருவரும் எதிர்பாராத மூன்றாவது பெட்டி ஒன்று கலிலியோவினதற்குக் கீழே இருந்தது. அதனுள் ஒரு பெண்ணின் எச்சம். மடத்திலிருந்து மகளை எடுத்துவந்து ஆசிரியரோடு சேர்த்து வைத்தவர் விவியானியாகவே இருத்தல் வேண்டும் என்று கருதுகின்றனர். மூவரும் இன்று ஒரே கல்லறையில் உளர். மகளின் பெயர் மட்டும் அன்று அதிற் பொறிக்கப்படவில்லை.